குழந்தைகளிடம் கற்ற மருத்துவர்

நுழையும்முன்

பள்ளி என்றதும் கரும்பலகையும், அதன்முன் நின்று பேசும் ஆசிரியரும், வரிசையாக அமர்ந்து கேட்கும் மாணவரும் மனக்கண்ணில் தோன்றுவர். இந்தக் காட்சியை மாற்றிக் காட்டியவர் ஒரு மருத்துவர். குழந்தையைப் பேசவிட்டுத் தாம் கவனித்தவர், கண்டதைக் குறித்துவைத்தவர், குறித்தவற்றிலிருந்து ஒரு கல்விமுறையை உருவாக்கியவர். உலகப்போர் அவரைச் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானல் மலையிலும் தங்கவைத்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறார்க்கான அவருடைய கல்வித்திட்டம் தமிழ்நாட்டு மண்ணில்தான் முழுமை நோக்கி வளர்ந்தது. மரியா மாண்டிசோரி என்னும் அந்த அம்மையாரின் வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தடைகளைத் தாண்டிய இளமை

இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசு அலுவலர். பழைய மரபுகளில் பற்றுடையவர். தாய் ரெனில்தே நூல்களை விரும்பிப் படித்தவர். மரியா பிறந்த அடுத்த மாதமே உரோம் நகரம் புதிய இத்தாலிய அரசோடு இணைந்தது. நாடு புதிதாக எழுந்தாலும், பெண்களுக்கான கதவுகள் பழைய தாழ்ப்பாள்களோடுதான் இருந்தன. படித்த பெண் ஆசிரியப் பணிக்குச் செல்லலாம். அதற்கு மேல் கனவு காண்பது தகாது என்று கருதப்பட்ட காலம் அது.

குடும்பம் 1875இல் உரோமில் குடியேறியது. கணக்கில் நாட்டம் கொண்ட மரியா, பொறியாளராகும் எண்ணத்தோடு ஆண்கள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் அவருடைய விருப்பம் மருத்துவத்தின்பால் திரும்பியது. தந்தை உடன்படவில்லை, தாய் துணைநின்றார். உரோம் பல்கலைக்கழகத்தில் இடம்பெற்ற பின்னும் துன்பம் தீரவில்லை. ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணக்கூறாய்வில் ஈடுபடுவது பெண்ணுக்கு ஒவ்வாது எனக் கூறப்பட்டது. ஆகவே, வகுப்பு முடிந்து அனைவரும் சென்ற பின்னர், பிணங்கள் கிடத்தப்பட்ட கூடத்தில் அவர் தனியாக நின்று பயின்றார். 1896இல் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்கள் சிலருள் ஒருவரானார். அதே ஆண்டு பெர்லினில் நடைபெற்ற பன்னாட்டுப் பெண்கள் மாநாட்டில் தம் நாட்டின் சார்பில் பங்கேற்று, ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும் என வாதிட்டார்.

மருத்துவமனையில் எழுந்த வினா

பட்டம் பெற்ற பின் உரோம் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் மரியா பணியாற்றினார். அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகள் அக்காலத்தில் மனநோயாளிகளோடு ஒரே விடுதிகளில் அடைத்துவைக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்கு உணவு கிடைத்தது. தொடவும் எடுக்கவும் விளையாடவும் ஒரு பொருளும் கிடைக்கவில்லை. அந்தக் கைகளின் பசியை மரியா கண்டார். இக்குழந்தைகளுக்குத் தேவை மருந்தா, கல்வியா என்னும் வினா அவருள் எழுந்தது.

விடை தேடி, பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார்ட், செகுயின் ஆகியோரின் நூல்களை ஊன்றிப் படித்தார். புலன்களின் வழியே அறிவைத் தூண்டலாம் என்னும் அவர்களின் கருத்தைப் பின்பற்றி, தொட்டும் பொருத்தியும் கற்கும் கருவிகளை உருவாக்கினார். 1900இல் இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டபோது, மருத்துவர் ஜூசெப்பே மாண்டெசானோவுடன் இணைந்து அதன் பொறுப்பை ஏற்றார். அங்குப் பயின்ற சிறுவர் சிலர், மற்றப் பள்ளி மாணவர் எழுதும் பொதுத்தேர்வை எழுதித் தேறினர். ஊர் வியந்தது. மரியாவோ வேறொன்றை எண்ணிக் கவலையுற்றார். குறைபாடுடைய குழந்தைகள் இவ்வளவு எட்டுகின்றனர் என்றால், நலமாகப் பிறந்த குழந்தைகளை இவர்களோடு ஒப்பிடும் நிலையில் தடுத்துவைத்திருப்பது எது? குழந்தையிடம் தேடப்பட்ட குறையை அவர் பள்ளியிடம் தேடத் தொடங்கினார்.

இக்காலத்தில் அவர் வாழ்வில் ஒரு பெருந்துயரும் நிகழ்ந்தது. மாண்டெசானோவுக்கும் அவருக்கும் 1898இல் மாரியோ என்னும் மகன் பிறந்தான். அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. மணமாகாத தாய் என்னும் செய்தி வெளிப்பட்டால் மருத்துவப் பணியும் ஆய்வும் அன்றே முடிந்திருக்கும். எனவே, மகன் நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். மரியா அவ்வப்போது சென்று, தாய் என்று சொல்லிக்கொள்ளாமல் பார்த்து வந்தார். தம் தாய் மறைந்த பிறகே, பதினைந்து வயதை எட்டிய மகனைத் தம்மோடு அழைத்துக்கொள்ள அவரால் இயன்றது. அதன் பின்னும் நெடுங்காலம் அவன் உறவினன் என்றும் வளர்ப்பு மகன் என்றுமே உலகிற்கு அறிமுகப்படுத்தப்பட்டான்.

குழந்தைகள் இல்லம்

உரோமின் சான் லொரென்சோ பகுதி ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த இடம். அங்குள்ள குடியிருப்புகளைச் செப்பனிட்ட நிறுவனத்தார்க்கு ஒரு சிக்கல் எழுந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்ற பின், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் தனித்துத் திரிந்து சுவர்களையும் படிகளையும் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் வைத்துக் காக்கும் பொறுப்பு மரியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளுடன் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. கட்டடத்தைக் காக்கத் தொடங்கிய இடம் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பமாயிற்று.

மரியா முதலில் எதையும் நிறுவ முனையவில்லை; பார்த்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். சுற்றியிருந்த பிள்ளைகளைப் பாடவைத்தும், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் கவனம் சிதறவில்லை. நாற்பது முறைக்கு மேல் அதையே செய்து, ஆழ்ந்த உறக்கத்திலிருந்து விழித்தவளைப்போல் மலர்ந்த முகத்துடன் நிமிர்ந்தாள். சிறு குழந்தையின் மனம் ஓரிடத்தில் நில்லாது என்னும் நம்பிக்கை அன்று உடைந்தது.

மற்றொரு நாள் அலமாரி பூட்டப்படாமல் இருந்தது. ஆசிரியர் வருவதற்குள் குழந்தைகள் தாங்களே வேண்டிய கருவிகளை எடுத்துப் பயின்றுகொண்டிருந்தனர். ஆசிரியர் அதனைத் திருட்டு என எண்ணினார். மரியா அதனைத் தெரிவு என உணர்ந்தார். அன்றுமுதல் பூட்டிய அலமாரிக்கு மாறாகக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த அடுக்குகள் வந்தன. மேசையும் நாற்காலியும் குழந்தையின் அளவுக்குச் சுருங்கின. பரிசுப் பொருள்களைக் குழந்தைகள் பொருட்படுத்தாததைக் கண்டு, பரிசும் தண்டனையும் கைவிடப்பட்டன.

எழுத்துக் கற்பித்தலில் நிகழ்ந்தது பலரையும் வியக்கச் செய்தது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் பார்த்து, அவற்றின் ஒலியைச் சொல்லிப் பழகினர். சில மாதங்களில், எழுதச் சொல்லாமலேயே நான்கு, ஐந்து வயதினர் சுண்ணக்கட்டியால் தரையிலும் சுவரிலும் சொற்களை எழுதத் தொடங்கினர். மணலில் விரல் பிடித்து எழுதவைத்த நம் திண்ணைப் பள்ளி மரபை அறிந்தோர்க்கு, விரலின் வழியே எழுத்து நெஞ்சில் பதியும் என்பது புதிய செய்தியாக இராது. அம்மரபில் ஆசிரியர் விரலைப் பிடித்து நடத்தினார்; இங்கே குழந்தையே தன் வேளையைத் தேர்ந்துகொண்டது.

புகழும் நெருக்கடியும்

1909இல் வெளிவந்த அவருடைய முதல் கல்வி நூல் சில ஆண்டுகளில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913இல் உரோமில் முதல் பன்னாட்டுப் பயிற்சி வகுப்பு நடைபெற்றது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் அமைத்த வகுப்பறையில் குழந்தைகள் பயில்வதை மக்கள் திரண்டு பார்த்தனர். இந்தியாவிலும் குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920இல் தொடங்கிய பாலமந்திர் இக்கருத்துகளைத் தழுவி நடந்தது. 1931இல் இலண்டன் சென்ற காந்தியடிகள் மாண்டிசோரியைச் சந்தித்து, அவருடைய பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றினார்.

இத்தாலியில் ஆட்சியைப் பிடித்த முசோலினி மாண்டிசோரி பள்ளிகளுக்கு ஆதரவளித்தபோது, மரியா அதனை ஏற்றுக்கொண்டார். தம் முறை நாடெங்கும் பரவும் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். ஆயினும், கேள்வி கேட்கும் குழந்தையும் கட்டளைக்குப் பணியும் கூட்டமும் ஒரு பள்ளியில் சேர்ந்து வளர இயலாது. இந்த முரண் முற்றி, 1934இல் இருவருக்கும் இடையே முறிவு ஏற்பட்டது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. அவர் வாழ்ந்த பார்சிலோனாவில் 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து வெளியேறி நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார். அறுபத்தாறு வயதை நெருங்கிய நிலையில் சொந்த நாடும் வாழ்ந்த நாடும் அவருக்கு இல்லாமற்போயின.

அடையாற்றில் ஓர் ஆசான்

பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மரியா தம் மகன் மாரியோவுடன் சென்னை வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. அருண்டேலின் துணைவியாரான ருக்மிணி தேவி, கலாசேத்திராவை நிறுவி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அடையாற்றுத் தோப்புகளில் ஓலை வேய்ந்த கொட்டகைகளில் பயிற்சி தொடங்கியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் சேர்ந்தனர். மரியா இத்தாலிய மொழியில் உரையாற்ற, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

சில மாதங்களில் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். 1940 சூன் 10ஆம் நாள் இத்தாலி போரில் இறங்கியதும் எல்லாம் மாறியது. இத்தாலியர் அனைவரும் ஆங்கிலேய அரசின் பார்வையில் பகைநாட்டவராயினர். மாரியோ கைதுசெய்யப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டார். மரியா அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. முசோலினியால் துரத்தப்பட்டவரே முசோலினியின் நாட்டவர் என்பதற்காகக் காவலில் வைக்கப்பட்டார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 31 மரியாவின் எழுபதாம் பிறந்தநாள். அந்நாளுக்குரிய பரிசாக, அவருடைய மகனை விடுவிப்பதாக அரசிடமிருந்து செய்தி வந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக உறவினனாகவும் வளர்ப்பு மகனாகவும் சொல்லப்பட்டவர் அச்செய்தியில் மகன் என்றே குறிக்கப்பட்டார். தாயும் மகனும் தங்கள் உறவை வெளிப்படையாகச் சொல்லி வாழத்தக்க காலம் அயல்நாட்டில், போரின் நடுவே, சென்னையில் பிறந்தது.

கொடைக்கானல்: ஆறு வயதுக்குப் பின்

போர் அச்சம் சென்னைக் கடற்கரையை நெருங்கிய 1942இல் இருவரும் கொடைக்கானலுக்குச் சென்று, ஏறத்தாழ ஈராண்டுகள் தங்கினர். அங்கு வெவ்வேறு வயதுக் குழந்தைகளுக்காக ஒரு சிறு பள்ளி நடந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன என்னும் ஆசிரியை உடன் பணியாற்றினார். மலையின் செடிகளும் பூச்சிகளும் நீர்வாழ் உயிர்களுமே அப்பள்ளியின் பாடப்பொருள்களாயின.

தொடக்கநிலைக் கல்வி பற்றி மரியா 1916இலேயே ஒரு நூல் வெளியிட்டிருந்தார். கொடைக்கானலில் அது புதிய உருவம் பெற்றது. ஆறு வயது வரை, இது என்ன என்று கேட்கும் குழந்தை, அதன்பின் இது ஏன், எப்படி என்று கேட்கத் தொடங்குகிறது. கண்ணால் காணாததையும் கற்பனையால் எட்டிப்பிடிக்கிறது. நன்று எது, தீது எது, நேர்மை எது என்று வழக்காடுகிறது. தனியே விளையாடிய குழந்தை கூட்டுச் சேர்கிறது. இத்தகைய மனத்திற்குத் துண்டு துண்டான பாடங்களைத் தருதல் பசித்தவனுக்குப் பருக்கைகளை எண்ணிக் கொடுப்பதற்கு ஒப்பாகும் என மரியா கருதினார். ஆகவே, பேரண்டம் முழுவதையும் முதலில் காட்டி, பின்னர் அதன் பகுதிகளுக்கு அழைத்துச் செல்ல முடிவு செய்தார். இதுவே பேரண்டக் கல்வி எனப்படுகிறது. இதனை விளக்கும் அவருடைய நூல் 1948இல் கலாசேத்திரா வெளியீடாகச் சென்னையில் அச்சேறியது.

வகுப்பறையில் நிகழ்வது

தொடக்கநிலை வகுப்பறை ஐந்து பெருங்கதைகளால் திறக்கப்படுகிறது. பேரண்டமும் பூமியும் தோன்றியது முதற்கதை. உயிர்கள் தோன்றியது இரண்டாவது. மனிதன் வந்தது மூன்றாவது. எழுத்துப் பிறந்தது நான்காவது. எண் பிறந்தது ஐந்தாவது. ஒவ்வொரு கதையும் ஒரு வாயில். எரிமலை பற்றிக் கேட்டவன் புவியியலுக்குள் நுழைகிறான். மீன் பற்றிக் கேட்டவள் உயிரியலுக்குள் நுழைகிறாள்.

கணக்கு கையில் தொடங்குகிறது. ஒரு மணி ஒன்று. பத்து மணிகள் கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஆயிரத்தைக் கையில் தூக்கிய குழந்தை அதன் எடையையும் அறிகிறது. பெருக்கலுக்குப் பச்சை, நீலம், சிவப்புக் கட்டங்கள் கொண்ட பலகை உண்டு. மூவுறுப்புக் கோவையின் மூன்றாம் படி என மேல்வகுப்பில் வரும் சூத்திரம், இருபத்தேழு வண்ணக் கட்டைகள் ஒரு பெட்டிக்குள் பொருந்தும் புதிராகச் சிறு வயதிலேயே கைக்குள் வந்துவிடுகிறது. பின்னாளில் எழுத்தால் எழுதும்போது அது பழகிய நண்பனாக எதிர்ப்படுகிறது.

மொழிப்பாடத்தில் சொல்வகைகளுக்கு உருவங்கள் உண்டு. பெயர்ச்சொல்லுக்குக் கரிய முக்கோணம். அது அசையாது நிற்கும் பொருளைக் காட்டுவது. வினைச்சொல்லுக்குச் சிவந்த வட்டம். அது உருண்டோடும் இயக்கத்தைக் காட்டுவது. சொற்றொடரின்மேல் இவ்வுருவங்களை வைத்துப் பார்க்கும் மாணவன் இலக்கணத்தைக் கண்ணால் காண்கிறான்.

வரலாற்றுக்கு நீண்ட காலக்கோடுகள் விரிக்கப்படுகின்றன. பூமியின் வயதைக் காட்டும் நெடிய கரிய துணியின் முடிவில், மனிதனுக்குரிய பகுதி மெல்லிய கோடாக மட்டும் தெரியும். பூமியின் வயதான ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளை 46 மீட்டர் துணியாகக் கொண்டால், இன்றைய மனித இனம் வாழ்ந்த மூன்று இலட்சம் ஆண்டுகளுக்குரிய இடம் மூன்று மில்லிமீட்டரே. இதைக் கண்டபின் குலப்பெருமையும் இனப்பெருமையும் பேசும் நா சற்றே தயங்கும்.

இவ்வகுப்பில் ஆறு முதல் ஒன்பது வயதினர் ஒரு குழுவாகவும், ஒன்பது முதல் பன்னிரண்டு வயதினர் ஒரு குழுவாகவும் சேர்ந்து பயில்வர். மூத்தவர் இளையவருக்குச் சொல்லித் தருவர். அன்றன்று செய்த வேலையை மாணவரே ஏட்டில் குறிப்பர். நூலில் கிடைக்காத விடையைத் தேடி, தாங்களே திட்டமிட்டு வெளியே சென்று வருவதும் பாடத்தின் ஒரு பகுதியாகும்.

தெரிந்து தெளிவோம்

மாண்டிசோரி கருவிகளில் பிழையைச் சுட்டும் அமைப்பு கருவிக்குள்ளேயே உண்டு. தவறான குழியில் வைத்த உருளை பொருந்தாது. அல்லது கடைசியில் ஓர் உருளை மிஞ்சும். ஆசிரியர் குறை சொல்லாமலேயே குழந்தை தன் பிழையைக் கண்டு திருத்திக்கொள்கிறது.

காஞ்சி என்னும் பாடநூல்

பேரண்டக் கல்வி எந்த ஊரிலும் வேர்கொள்ளத்தக்கது என்பதற்குக் காஞ்சிபுரம் ஒரு சான்றாகும். பட்டுச்சேலை ஒன்றை ஒன்பது வயதுச் சிறுமியின் முன் விரித்தால் எத்தனை வினாக்கள் எழும்! முசுக்கட்டை இலையைத் தின்ற புழு தந்த இழை கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. சாயம் ஏற்றுபவர் ஒருவர், பாவு ஓட்டுபவர் ஒருவர், நெய்பவர் ஒருவர். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாகக் கோர்வை போட்டு நெய்யும்போது, இரு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒருவர் உழைப்பில்லாமல் மற்றவர் உழைப்பு நிறைவுறாது என்னும் பேரண்டக் கல்வியின் மையக் கருத்தை, ஊடும் பாவுமாக அச்சேலை சொல்லிவிடுகிறது. புழு முதல் நெசவாளர் வரை அறியாத பலருக்கு உடுத்துபவர் கடன்பட்டிருப்பதைச் சிறுமி உணர்கிறாள்.

மாம்பூ பிஞ்சாக மாறும் பருவத்தில் பூவின் உறுப்புகளைக் கற்கும் மாணவர்க்கு, ஏகாம்பரநாதர் கோயிலின் மாமரமே பாடத்தின் தொடக்கமாகலாம். வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. அது எட்டாம் நூற்றாண்டிலேயே கல்லில் விரித்த காலக்கோடு. கைலாசநாதர் கோயிலில் இராசசிம்மனின் சிறப்புப் பெயர்கள் பொறித்த எழுத்துகளைக் காண்பவர் எழுத்துப் பிறந்த கதையைத் தேடத் தொடங்குவர். அக்கோயிலின் 1300 ஆண்டுகள் மேற்சொன்ன கரிய துணியில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவே. பட்டுப்புழுவின் தனியிழைத் தடிமன் ஏறக்குறைய அதுதான்.

இதே ஊர் கசப்பான பாடம் ஒன்றையும் தருகிறது. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகச் சிறுவர்கள் தறியில் அமர்த்தப்பட்ட காலம் காஞ்சியில் இருந்தது. அவர்களின் கைகளும் வேலை செய்தன. ஆனால், எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்னும் உரிமை அக்கைகளுக்கு இல்லை. கையால் கற்றல் என்று மரியா கூறியதற்கும் குழந்தை உழைப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு இவ்வுரிமையே. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தறியைவிடப் பள்ளியே முதன்மை என உறுதிசெய்துள்ளது.

நிறைவுக் காலம்

1944இல் இலங்கையிலும் மரியா பயிற்சி வகுப்பு நடத்தினார். போர் முடிந்து 1946இல் ஐரோப்பா திரும்பும்போது, இத்துணைக்கண்டத்தில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்தைக் கடந்திருந்தனர். மீண்டும் 1947இல் இந்தியா வந்து பணியைத் தொடர்ந்தார். குழந்தையின் ஈர்க்கும் மனத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1949இல் அடையாற்றிலிருந்தே வெளிவந்தது. 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளில் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தின் நோர்ட்வேக் கடற்கரை ஊரில் உயிர்நீத்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பள்ளிகளை மூடிய இத்தாலி, பிற்காலத்தில் தன் ஆயிரம் லிரா பணத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்துப் பெருமை தேடிக்கொண்டது.

மாண்டிசோரி முறைக்கு எதிர்ப்புகளும் உண்டு. கருவிகளின் பயன்பாடு வரையறுக்கப்பட்டிருப்பதால் கற்பனைக்கு இடம் குறைகிறது என்று அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914இலேயே குறைகூறினார். ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த கல்வி, கருவிகளின் விலையாலும் கட்டணத்தாலும் வசதியுடையோர் பள்ளிகளில் சென்று தங்கியது வரலாற்றின் முரணாகும். இம்முரணைக் களையும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றலில், குழந்தையின் உயரத்திற்கு இறங்கிய கரும்பலகையும், தானே எடுத்துப் பயிலும் அட்டைகளும், தன் வேகத்தில் ஏறும் ஏணியும் இருந்தன. ரிஷிவேலிப் பள்ளியின் வழியைத் தழுவிய அம்முயற்சியில் மாண்டிசோரியின் சாயலும் காணப்பட்டது. விலையுயர்ந்த மரக்கருவி இல்லாத அரசுப் பள்ளியிலும் புளியங்கொட்டையும் அட்டையும் கொண்டு அவ்வெண்ணம் உயிர்பெற்றது.

மரியாவின் முறையில் காலத்திற்கேற்ப மாறவேண்டியவை பல இருக்கலாம். கருவிகள் மாறும், கதைகளில் புதிய அறிவியல் உண்மைகள் சேரும். மாறாத ஒன்று உண்டு. கற்பிக்கும் முன் குழந்தையைக் கவனிக்க வேண்டும் என்பது அது. பட்டம் பெற்ற மருத்துவரும் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஒருவர், மூன்று வயதுச் சிறுமியின் முன் அமர்ந்து அவள் செய்வதை எண்ணிக் குறித்த பொறுமையில்தான் இக்கல்விமுறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உருவாகும் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அது பயனருக்கு வந்துசேரும் வரை எத்தனை பேரின் உழைப்பு அதில் சேர்கிறது என்பதை வரைபடமாக்குக.
2. பத்து மீட்டர் நூலில் பூமியின் காலத்தைக் காலக்கோடாக அமைத்து, மனித இனத்திற்குரிய அளவைக் கணக்கிட்டு வகுப்பில் காட்டுக.
3. கையால் கற்றல், குழந்தை உழைப்பு ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாடு குறித்துக் கலந்துரையாடுக.